கட்டு, கட், அறு

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம், மன்னிச்சுக்கோங்க மக்களே.

போன வாரம் முசரவாக்கம் போயிருந்தேன். அத்தை தறியில ஒரு கல்யாணப் பட்டு முடியற நிலைமையில இருந்துச்சு. "எப்ப அத்தை அறுப்பீங்க?"ன்னு கேட்டேன். நாடா போட்ட கை அப்படியே நின்னுடுச்சு. "நல்ல காரியத்துக்குப் போற பொடவைடா. அந்த வார்த்தைய சொல்லாத. கட் பண்றதுன்னு சொல்லு."

கீரைன்னா அரியறோம், வெங்காயம்னா நறுக்குறோம், மரம்னா வெட்டுறோம், துணின்னா கத்தரிக்கிறோம். இங்கிலீஷ்காரனுக்குப் பெரும்பாலும் ஒரே 'கட்'. இத்தனை சொல் வச்சிருக்கிற நாம அதை ஏன் கடன் வாங்கினோம்? கரண்ட் கட், போன் கட், கிளாஸ் கட் எல்லாம் புதுசா வந்த சமாச்சாரம், சரி. பொடவை புதுசில்லையே?

காரணம் 'அறு'. நெல்லை அறுத்தா அறுவடை, சந்தோஷம். தாலியை அறுத்தா? புருஷனை இழந்த பொண்ணை 'அறுதலி'ன்னு வைய்யிற அளவுக்கு அந்தச் சொல்லுல கறை ஏறிடுச்சு.

விதவைகள் மறுமணத்துக்கு 1856-லயே சட்டம் வந்தாச்சு. 1929-ல செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாநாடு அதை ஆதரிச்சுத் தீர்மானம் போட்டுச்சு. காஞ்சிபுரம் அப்போ அந்த மாவட்டத்துலதான் இருந்துச்சு. காஞ்சிபுரத்துக்காரர் அண்ணா முதலமைச்சரா இருந்த 1967-ல சுயமரியாதைத் திருமணச் சட்டம் சட்டசபையில நிறைவேறுச்சு. மாலையோ மோதிரமோ மாத்திக்கிட்டாலே கல்யாணம் செல்லும், தாலி கட்டாயமில்லை. சட்டப்படி தாலியே கட்டாயமில்லாதப்போ, அதை அறுத்த கதை மட்டும் இன்னும் பேச்சுல ஒட்டிக்கிட்டிருக்கு.

'கட்'டுக்கு நம்மூர்ல அந்த மாதிரி பழைய கதை எதுவும் கிடையாது. அதைச் சொல்லி யாரும் யாரையும் பந்தியில இருந்து ஒதுக்கல. அதான் அத்தைக்கு அது வசதி. வேடிக்கை என்னன்னா, 'கட்'டும் தாலி கட்டுற 'கட்டு'ம் காதுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணு, அர்த்தம் நேர் எதிர்.

மாமா தவறிப் பல வருஷம் ஆச்சு. பொடவை முழுசையும் அத்தைதான் நெய்வாங்க. கடைசியா கத்தரி வைக்க மட்டும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவாங்க. சொல்லு மாறிடுச்சு, வழக்கம் மாறல.

அடுத்த பொடவை முடியறப்போ நீங்களே கட் பண்ணுங்கன்னு சொல்லப் போறேன். கேப்பாங்களான்னு தெரியல.

உங்க ஊர்ல இப்படி வாயில வராத வார்த்தை எது? பின்னூட்டத்துல சொல்லுங்க.