கணினிக்கு முன்னால் ஒரு புதிர்

பத்து வருஷமாகத் தனியாக ஒப்பந்த வேலை பார்த்துவரும் ஒரு புரோகிராமர், நிறுவனமொன்றில் வேலைக்கு மனுப்போட்டால் நடப்பது ஊரறிந்தது. அவர் எழுதி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கடிகாரம் வைத்த புதிர்க்கணக்கு, நாலு சுற்று நேர்காணல், கூலியில்லாமல் செய்துதரச் சொல்லும் ‘மாதிரி’ வேலை. அப்புறம் பதிலே வராது. இதை மனிதவளத் துறையின் மெத்தனம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. கூட்டத்தைக் குறைக்கும் கருவியாகவே இந்தத் தேர்வுமுறை வளர்ந்திருக்கிறது. அதன் வயது எழுபது.

1950களில் அமெரிக்காவுக்கு ஆயிரக்கணக்கான புரோகிராமர்கள் திடீரென்று தேவைப்பட்டார்கள். அதற்கென்று பட்டப்படிப்பு கிடையாது, முன்னனுபவம் உள்ளவர்களும் சொற்பம். 1955இல் ஐபிஎம் ஒரு தகுதித் தேர்வைத் தயாரித்தது. எண்வரிசையில் அடுத்து வருவது எது, எந்த உருவம் எதோடு சேரும், கொஞ்சம் வழிக்கணக்கு: தாளில் இருந்தது அவ்வளவுதான். 1962 வாக்கில், புரோகிராமர்களை எடுத்த நிறுவனங்களில் ஐந்தில் நான்கு ஏதோ ஒரு தகுதித் தேர்வை வைத்தன. அவற்றில் பாதி வைத்தது ஐபிஎம்மின் தாளைத்தான். மதிப்பெண்ணுக்கும் பின்னால் வேலை செய்த லட்சணத்துக்கும் பெரிய தொடர்பில்லை என்று அந்தப் பத்தாண்டு ஆய்வுகளே காட்டின. தேர்வு நிற்கவில்லை. 1966இல் கேனன், பெரி என்ற இரு உளவியலாளர்கள் புரோகிராமர்களை ஆராய்ந்து, இவர்களுக்குப் புதிர் பிடிக்கும், மனிதர்களைப் பிடிக்காது என்று எழுதினார்கள். புதிர் போட்டே பொறுக்கியெடுத்த கூட்டத்துக்குப் புதிர் பிடித்திருந்ததில் என்ன ஆச்சரியம்? அந்தச் சித்திரமோ அடுத்து ஆளெடுப்பவர்களுக்கு அளவுகோலாயிற்று.

தேர்வுக்காகப் பேசுகிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. பட்டம் கேட்காத அந்தத் தாள், வேறு கதவு திறக்காத பலரை உள்ளே விட்டது. சிபாரிசை நம்புவதைவிட அது மேல். ஆயிரம் மனுக்கள் வந்தால் எல்லோருடைய பழைய வேலையையும் படிக்க முடியாது, காட்டுகிற நிரல் அவரே எழுதியதா என்பதும் தெரியாது. எல்லாம் சரி. ஆனால் இந்த வாதம் வடிகட்ட வேண்டும் என்பதைத்தான் நிறுவுகிறது. இந்த வடிகட்டி சரியானது என்பதை நிறுவவில்லை. டியூக் பவர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 1971இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓர் இனத்தாரைப் பெரிதும் விலக்குகிற தேர்வு வேலையோடு தொடர்புள்ளது என்று காட்டியாக வேண்டும் என்றது. மென்பொருள் உலகம் அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள நாளாயிற்று. மூளைப்புதிர்கள் முழு நேரவிரயம் என்று கூகுளின் மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் சொன்னது 2013இல். 2020இல் வெளியான வட கரோலினா ஆய்வொன்றில் 48 மாணவர்களுக்கு நிரல் கணக்கு கொடுத்தார்கள். தனியறையில் செய்தவர்களின் மதிப்பெண்ணில் பாதியைக்கூட, ஆள் பார்க்கப் பலகையில் எழுதியவர்கள் எட்டவில்லை. அங்கே அளக்கப்பட்டது பெரும்பாலும் பதற்றம்தான்.

ஒப்பந்தக்காரர்களை வேறு கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டனில் 1962இல் ஸ்டெஃபனி ஷெர்லி ஆறு பவுண்டு முதலோடு ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வேலையை விட்டிருந்த, ஏற்கெனவே கைப்பழக்கமுள்ள பெண்களைத் தேடிப் பிடித்தார். முதல் 300 பேரில் ஆண்கள் மூவர்தான். வீட்டிலிருந்தபடி அவர்கள் செய்த வேலைகளில் கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் ஒன்று. ஆனால் வேலை கொடுப்பவர்களின் சல்லடை அவரையும் விடவில்லை. சொந்தப் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்டார். வாடிக்கையாளர் தொலைபேசியில் வந்தால், குழந்தையின் சத்தம் கேட்காமலிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிந்து வைத்திருந்த நாடாவைப் பின்னணியில் ஓடவிட்டுப் பேசினார்.