வான்கோழி விருந்துக்கு முன்னொரு ஓட்டம்

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையை அமெரிக்கர்கள் நன்றி நவிலல் நாளாகக் கொண்டாடுகின்றனர். திசைக்கொருவராகச் சிதறி வாழும் பிள்ளைகள் அன்று பெற்றோரின் வீடு வந்து சேர்வர். மேசையில் முழு வான்கோழி பரிமாறப்படும். மாலையில் தொலைக்காட்சியில் அமெரிக்க உதைபந்தாட்டம் நடைபெறும். ஹொலிவூட் திரைப்படங்களின் புண்ணியத்தில் இவை எமது வாசகர்களுக்கும் பழகிப்போன காட்சிகளே.

ஆனால் விருந்துக்கு முந்திய அந்தக் காலைப்பொழுதில் நடப்பதை அறிந்தோர் எம்மிடையே குறைவு. வாயைத் திறந்தால் ஆவி பறக்கும் குளிரில் நண்பர்களும் அயலவர்களும் குடும்பத்தினரும் வீதியில் ஒன்றுகூடி ஓடுகின்றனர். சிலர் தலையில் வான்கோழி வடிவத் தொப்பி அணிந்திருப்பர். 'டேர்க்கி ட்ரொட்', அதாவது வான்கோழி ஓட்டம், என்பது இதற்கு வழங்கும் செல்லப்பெயர். ஆண்டின் வேறெந்த நாளையும் விட அதிகமான அமெரிக்கர்கள் வீதியோட்டங்களில் பங்குகொள்வது இந்த நாளிலேயே. வயிறார உண்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு பெருநாள், ஓடுவோரின் பெருநாளாகவும் எவ்வாறு மாறியது? இந்த வினாவுக்கு விடை தேடிச் சென்றால், யார் யாரைத் தம் நண்பராக ஏற்றுக்கொண்டனர் என்ற வேறொரு வரலாறும் கூடவே வெளிப்படுகிறது.

பெருநாளின் தோற்றம்

1621 ஆம் ஆண்டில், இன்றைய மஸசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள பிளிமத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த குடியேறிகள் தமது முதல் அறுவடையைக் கொண்டாடினர். மண்ணின் மைந்தர்களான வம்பனோவாக் மக்கள் சுமார் தொண்ணூறு பேர் தமது தலைவர் மசசோய்ட்டுடன் அதில் கலந்துகொண்டனர். நன்றி நவிலல் நாளின் மூலக்கதையாகச் சொல்லப்படுவது இதுவே. எனினும், நாடு முழுவதற்குமான நிலையான கொண்டாட்டமாக அது உருப்பெற்றது 1863 இல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் விடுத்த பிரகடனத்தின் பின்னரே. பல ஆண்டுகளாக அதற்கெனப் பிரசாரம் செய்துவந்தவர் சாரா ஜொசெஃபா ஹேல் என்ற பெண் பத்திரிகை ஆசிரியர். லிங்கன் குறித்தது நவம்பரின் இறுதி வியாழக்கிழமையை. நான்காவது வியாழன் என்று சட்டம் வகுக்கப்பட்டது 1941 இல்.

இக்கொண்டாட்டத்திற்கு மறுபக்கமும் உண்டு. 1970 இல், குடியேறிகள் வந்திறங்கிய 350 ஆவது ஆண்டு நிறைவையொட்டி உரையாற்றுமாறு வம்சுட்டா பிராங்க் ஜேம்ஸ் என்ற வம்பனோவாக் இனத்தவர் அழைக்கப்பட்டார். தமது மக்கள் இழந்தவற்றை எடுத்துரைத்த அவரது உரையை முன்கூட்டியே வாசித்த ஏற்பாட்டாளர்கள் அதற்கு இடமளிக்கவில்லை. ஆகவே நன்றி நவிலல் நாளன்று பிளிமத்தின் குன்றொன்றில் தம்மவரைக் கூட்டி அவர் பேசினார். அன்று முதல் அந்த நாள் ஆண்டுதோறும் அங்கு பழங்குடியினரின் தேசிய துக்க தினமாகவும் அனுட்டிக்கப்படுகின்றது. ஒரு சமூகத்தின் கொண்டாட்டம் மற்றொரு சமூகத்தின் துக்கமாவது எமக்கு விளக்க வேண்டிய செய்தியன்று.

ஆறு பேர் ஓடினர்

இனி ஓட்டத்திற்கு வருவோம். ஈரி வாவியின் கிழக்கு முனையில் அமைந்தது நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரம். எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொரன்ரோவிலிருந்து வாகனத்தில் சுமார் இரண்டு மணிநேரப் பயணம். 1896 நவம்பரில் அந்நகரமே புதுமையின் உற்சாகத்தில் இருந்தது. நயாகரா நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் சுமார் 40 கிலோமீற்றர் தூரம் கம்பிவழி கடந்து பஃபலோவை வந்தடைந்தது நவம்பர் 16 அன்று. நகரின் ட்ராம் வண்டிகள் அந்த மின்சாரத்தில் ஓடின.

அதன்பின் பத்து நாட்கள் கழித்து, நவம்பர் 26, நன்றி நவிலல் நாள். நகரின் வை.எம்.சி.ஏ. ஒழுங்கு செய்த ஐந்து மைல் ஓட்டத்தில் ஆறு பேர் கலந்துகொண்டனர். முடித்தவர் நால்வர் மட்டுமே. காலையுணவைப் பிந்தி உண்டதன் பயனாக, உண்டது வயிற்றில் தங்க மறுத்து, ஒருவர் இடைநடுவில் ஒதுங்கினார் என்று அக்காலச் செய்தி கூறுகின்றது. வென்றவர் ஹென்றி அலிசன். எடுத்துக்கொண்ட நேரம் 31 நிமிடங்களுக்குச் சற்று அதிகம்.

பெயர்பெற்ற பொஸ்டன் மரதன் ஓட்டம் தொடங்கியது 1897 ஏப்ரலில். பஃபலோ ஓட்டம் அதற்கு ஐந்து மாதங்கள் மூத்தது. கனடாவின் ஹமில்டன் நகர ஓட்டம் 1894 இல் தொடங்கியதாயினும் இடையில் நின்று மீண்டது. இடையறாது நடந்துவருவனவற்றுள் வட அமெரிக்காவிலேயே மூத்தது என்ற பெருமை பஃபலோவுக்கு உரியது. ஆறு பேரின் ஓட்டம் இன்று பல்லாயிரம் பேரின் ஓட்டமாக வளர்ந்துள்ளது.

அந்த மண்ணுக்கு ஓட்டம் புதிதல்ல என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். பஃபலோவுக்கு அருகிலுள்ள கட்டராகஸ் ஒதுக்கீட்டு நிலத்தைச் சேர்ந்த செனெக்கா இனத்தவர் லூயிஸ் பெனட். 'மான்கால்' எனும் பொருள்படும் 'டியர்ஃபுட்' என்ற பெயரில் 1861 முதல் இங்கிலாந்தில் ஓடிப் புகழ் ஈட்டியவர். 1863 இல் இலண்டனில் ஒரு மணிநேரத்தில் 18 கிலோமீற்றருக்கும் அதிகமாக ஓடி அவர் நிலைநாட்டிய சாதனை முப்பதாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. அவர் மறைந்தது அதே 1896 இன் தொடக்கத்தில். பஃபலோ வீதியில் அறுவர் ஓடுவதைக் காண அவர் உயிரோடு இல்லை.

ஓட்டத்தை ஒழுங்கு செய்த அமைப்பையும் சற்று நோக்குவோம். 1844 இல் இலண்டனில் தோன்றிய வை.எம்.சி.ஏ., நகரங்களுக்கு வேலை தேடி வந்த தனித்த இளைஞர்களுக்கு உறைவிடமும் நட்பும் தர முயன்ற கிறிஸ்தவ இயக்கம். கூடைப்பந்தாட்டம் 1891 இலும் கரப்பந்தாட்டம் 1895 இலும் பிறந்தது அதன் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களிலேயே. இன்று இலங்கையின் தேசிய விளையாட்டாக விளங்கும் கரப்பந்தாட்டத்தை 1916 இல் இங்கு அறிமுகம் செய்ததும் கொழும்பு வை.எம்.சி.ஏ.யே. பெருநாளில் வீடு செல்ல இயலாத இளைஞனுக்கு ஒரு கூட்டாளியைத் தருவது விளையாட்டு என்பதை அவ்வியக்கம் நன்குணர்ந்திருந்தது.

சக்கரங்களின் காலம்

ஆயினும் 1896 இல் அமெரிக்க இளைஞரை மயக்கியது ஓட்டமன்று, துவிச்சக்கர வண்டி. இரு சக்கரங்களும் ஒரே அளவான, காற்றடைத்த ரயர் பூட்டிய வண்டி வந்ததும் நாடே அதன்மேல் ஏறிக்கொண்டது எனலாம். பின்னாளில் ஆடம்பர மோட்டார் கார்களுக்குப் பெயர்பெற்ற பஃபலோவின் பியர்ஸ் நிறுவனம் அப்போது செய்தது துவிச்சக்கர வண்டிகளையே. விடுமுறை நாட்களில் கழகம் கழகமாக நண்பர்கள் புறப்படுவர். அவ்வாறு கூடிச் செல்லும் சவாரிக்கு அவர்கள் இட்ட பெயரும் 'கழக ஓட்டம்' என்பதே. பஃபலோவுக்குக் கிழக்கே ரொச்செஸ்டர் நகரில் வாழ்ந்த பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. அந்தனி, பெண்களின் விடுதலைக்குத் துவிச்சக்கர வண்டி செய்ததைப் போல் வேறெதுவும் செய்யவில்லை என அவ்வாண்டு கூறினார்.

இக்கழகங்களின் தலைமை அமைப்பு 1880 இல் தோன்றிய 'லீக் ஒஃப் அமெரிக்கன் வீல்மென்'. 1898 இல் அதன் உறுப்பினர் தொகை ஒரு இலட்சத்தைக் கடந்திருந்தது. நல்ல வீதிகள் வேண்டுமென்று அது நடத்திய போராட்டத்தின் பயனை மோட்டார் கார்கள் பின்னர் அனுபவித்தன. அத்தகைய பேரமைப்பு 1894 இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: வெள்ளையர் அல்லாதோர் உறுப்பினராக முடியாது.

அந்தத் தீர்மானத்தின் நிழலில் வளர்ந்தவர் மேஜர் டெய்லர். 1878 நவம்பர் 26 அன்று பிறந்த கறுப்பின இளைஞர். பஃபலோவில் அறுவர் ஓடிய அந்த நன்றி நவிலல் நாள், அவரது பதினெட்டாவது பிறந்த நாள். அடுத்த மாதமே நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் நடந்த ஆறு நாள் துவிச்சக்கர வண்டிப் பந்தயத்தில் தொழில்முறை வீரராக அவர் களமிறங்கினார். 1899 இல் மொன்றியல் நகரில் உலக வாகையரானார்.

அவரது சிறுபராயத்தில் இண்டியனாபோலிஸ் நகரில் நிகழ்ந்ததொன்று இக்கட்டுரைக்கு மிக நெருங்கியது. தந்தை வண்டியோட்டியாக வேலை பார்த்த செல்வந்தர் வீட்டின் மகனும் அவனது தோழர்களும் டெய்லரின் விளையாட்டுத் தோழர்கள். திறந்த வெளியில் ஓட்டமானாலும் சவாரியானாலும் அவர்களுக்கு அவர் சளைத்தவரல்லர். ஆனால் தோழர்கள் அவ்வூர் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்துக்குள் சென்றபோது, கறுப்பினத்தவர் என்பதால் அவருக்கு அனுமதியில்லை. மேல்மாடத்தில் நின்று அவர்கள் விளையாடுவதைப் பார்க்க மட்டுமே முடிந்தது. தோழர்களுக்கு அவரோடு பேதமில்லை, கட்டிடத்திற்கு இருந்தது. பிற்காலத்தில் மஸசூசெற்ஸின் வூஸ்டர் நகருக்கு அவர் குடிபெயர்ந்தபோது அங்கிருந்த வை.எம்.சி.ஏ. அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரே இயக்கம், ஓரூரில் மூடிய கதவு, மற்றோரூரில் திறந்த கதவு!

டெய்லர் 1932 இல் சிக்காகோவில் வறுமையில் மறைந்தார். ஆதரவற்றோர் புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடலை 1948 இல் உரிய மரியாதையோடு மறு அடக்கம் செய்வித்தவர்கள் முன்னாள் துவிச்சக்கர வண்டி வீரர்கள். அந்த இனத்தடையை அமைப்பு முறைப்படி இரத்துச் செய்தது 1999 இல்.

மன்செஸ்டரில் ஒரு மாணவி

அடுத்து கனெக்டிகட் மாநிலத்தின் மன்செஸ்டர் நகரம். 1927 இல் பன்னிரண்டு பேருடன் அங்கு தொடங்கிய நன்றி நவிலல் நாள் ஓட்டமும் இன்று பெருவிழாவே. ஆனால் அது நெடுங்காலம் ஆண்களின் விழாவாக இருந்தது. 1928 அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடியதைக் கண்ட அதிகாரிகள், நீண்டதூரம் பெண்ணுடலுக்கு ஒவ்வாது என்று முடிவுகட்டினர். 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீற்றருக்கு மேற்பட்ட ஓட்டமே இருக்கவில்லை. அமெரிக்காவின் வீதியோட்டங்களும் அதையே பின்பற்றின.

அதே மாநிலத்தின் குரோட்டன் ஊரைச் சேர்ந்தவர் ஜூலியா சேஸ். அவ்வூரில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர் 1957 இல் பொஸ்டன் மரதனை வென்ற ஜோன் கெலி. ஊர் வீதிகளில் ஓடிய கெலியும் அவரது வட்டத்தினரும் ஓட்டம் என்பது நண்பர் கூடிச் செய்யும் காரியம் என்ற பண்பை அங்கு விதைத்திருந்தனர். ஜூலியா அந்த வட்டத்தில் உருவானவர். 1961 நவம்பரில், கல்லூரி மாணவியாக, தடையை மீறி மன்செஸ்டரில் அவர் ஓடினார். ஓடி முடித்தார். ஆண்கள் சிலரை முந்தியும் வந்தார். ஆனால் அவரது நேரம் அதிகாரபூர்வப் பதிவில் ஏறவில்லை. பொஸ்டனில் பெண்களை முறைப்படி அனுமதித்தது 1972 இல். அதற்குப் பதினொரு ஆண்டுகள் முந்திய நிகழ்வு இது. அவர் பின்னாளில் விலங்கியல் ஆய்வாளராகவும், ஐம்பது வயதைக் கடந்தபின் மருத்துவராகவும் ஆனார். 2011 இல், ஐம்பதாண்டு நிறைவின்போது, 69 வயதில் மீண்டும் மன்செஸ்டருக்கு வந்து ஓடினார்.

எழுபதுகளில் ஓட்டம் அமெரிக்க மத்திய வர்க்கத்தின் பொதுப்பழக்கமாகியது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பிராங்க் ஷோர்ட்டர் மரதனில் தங்கம் வென்றமை அதற்குப் பெருந்தூண்டுதல். வான்கோழி ஓட்டங்கள் ஊர்தோறும் பல்கிப் பெருகியது அதன் பின்னரே. இவற்றிற் பல, பசித்தோருக்கான உணவு வங்கிகளுக்கு நிதி திரட்டுகின்றன.

துவிச்சக்கர வண்டியும் பெருநாளுக்குத் திரும்பி வந்தது. டெய்லர் மீதான தடை நீங்கிய அதே 1999 இல், நியூயோர்க் நகரில் கடிதங்களும் பொதிகளும் விநியோகிக்கும் துவிச்சக்கர வண்டித் தூதுவர்கள் 'கிராங்க்ஸ்கிவிங்' என்ற வேடிக்கைப் பெயருடன் ஒரு சவாரியைத் தொடங்கினர். புறப்படும்போது ஒரு பட்டியல் தரப்படும். கடை கடையாக வண்டியில் சென்று அதிலுள்ள உணவுப்பொருட்களைத் தமது பணத்தில் வாங்கி, முதுகுப் பையில் சுமந்துவந்து ஏழைகளுக்கு அளிப்பதே போட்டி. இன்று அது பல நகரங்களில் நடைபெறுகின்றது. நாள் முழுதும் பிறர் பொதிகளைக் கூலிக்குச் சுமந்தவர்கள் கூலியின்றிச் சுமக்கக் கண்டுபிடித்த விளையாட்டு அது.

2020 இல் கொவிட் தொற்று உலகை முடக்கியபோது பஃபலோ ஓட்டம் தனது 125 ஆவது ஆண்டை அடைந்திருந்தது. சங்கிலியை அறுக்க மனமில்லாத ஏற்பாட்டாளர்கள் 125 பேரை மட்டும் வீதியில் ஓடவைத்தனர். ஏனையோர் தத்தம் ஊர்களில் தனித்தனியே அதே தூரத்தை ஓடினர்.

ஒரு இலட்சம் பேரைக் கொண்டிருந்த துவிச்சக்கர வண்டி அமைப்பு, மோகம் தணிந்து மோட்டார் கார் வந்ததும் சில ஆண்டுகளிலேயே சுருங்கிப்போனது. ஆறு பேரின் ஓட்டமோ நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது. இதற்குப் பொருளாதாரக் காரணங்கள் பல கூறலாம். ஆயினும், விருந்துக்கு அழைப்பவன் நாற்காலிகளை எண்ணியே அழைக்க வேண்டும். வீதியில் ஓட அழைப்பவனுக்கு அந்தக் கவலையில்லை. எண்ணிப் பார்த்துக் கதவடைத்தவர்கள் இருந்தார்கள். மேல்மாடத்தில் நின்ற சிறுவனும், பதிவேட்டில் இடம்பெறாத மாணவியும் அதற்குச் சாட்சிகள். அவ்விருவருக்கும் முதலில் கதவைத் திறந்தவை சட்டங்களல்ல. தம்மோடு வா என்றழைத்த தோழர்களே. சட்டங்கள் பிந்தித்தான் வந்தன, 1972 இலும் 1999 இலும்.