கூடுதலாகத் தருபவர் யார்? ஏலமும் ஈகையும் குறித்து வரலாறு சொல்வது

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

சென்ற ஆண்டு எங்கள் மஹல்லாவில், ஏழை நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றின் கட்டட நிதிக்காக ஓர் ஏல நிகழ்ச்சி நடைபெற்றது. இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் மைதானத்தில் விளக்குகள் எரிந்தன. வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பிய பொருட்கள் மேசை மீது இருந்தன: ஒரு தட்டுப் பேரீச்சம்பழம், அத்தர் புட்டிகள், தொழுகை விரிப்புகள், ஒரு கைக்கடிகாரம், கயிற்றில் கட்டிய ஓர் ஆட்டுக்கிடா. திரைக்கு அப்பால் பெண்களும் அமர்ந்திருந்தனர். துஆ ஓதி நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு எனக்கு.

கைக்கடிகாரத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் விடாமல் கேட்டார். எதிர்வரிசையில் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஐந்நூறு கூட்டினார். இறுதியில் இளைஞரே எடுத்தார். அப்போது ஏற்பாட்டாளர்களில் ஒருவர் என் காதருகே குனிந்து, "எதிர்ல கேட்டது நம்ம ஆளுதான் ஹஜ்ரத். வாங்குறதுக்கில்ல, விலைய ஏத்திவிடத்தான். நல்ல காரியத்துக்குத்தானே!" என்று சிரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சில நாட்களில் செய்தி எப்படியோ அந்த இளைஞரை எட்டிவிட்டது. அஸர் தொழுகைக்குப் பின் வந்து என்னருகே அமர்ந்தார். "ஹஜ்ரத், நான் கொடுத்தது ஸதகாவா, இல்ல நான் ஏமாந்ததா?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது. அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இன்று வரலாற்றின் துணையோடு முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

இரண்டு திர்ஹம் ஏலம்

ஏலம் நமக்குப் புதிதன்று. மதீனாவில் அண்ணலார் (ஸல்) அவர்களே ஏலம் நடத்தியிருக்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. இமாம் திர்மிதீ இதனை ஹஸன் என்று தரப்படுத்தியுள்ளார்கள்.

அன்ஸாரிகளுள் ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று பெருமானார் (ஸல்) வினவினார்கள். பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் அருந்தும் ஒரு குவளையும் மட்டுமே இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் செய்து, கையில் ஏந்தி, வாங்குபவர் யார் என்று தோழர்களிடம் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தர முன்வந்தார். அதைவிடக் கூடுதலாகத் தருபவர் உண்டா என்று இருமுறையோ மும்முறையோ கேட்டார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றுக்கொண்டார்.

அந்த இரண்டு திர்ஹமும் அன்ஸாரித் தோழரின் கைக்கே சென்றன. ஒன்று குடும்பத்தின் உணவுக்கு. மற்றொன்று கோடரி வாங்க. கோடரிக்குப் பிடியைப் பெருமானாரே தம் கரத்தால் பொருத்தி, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாட்களுக்குத் தம் கண்ணில் படவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்து திர்ஹம் ஈட்டியிருந்தார்.

இந்த ஏலத்தில் எதுவும் மறைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொருள் எல்லோர் கண்முன்னும் இருந்தது. விலை கேட்டவர்கள் வாங்கும் எண்ணத்தோடு கேட்டார்கள். வந்த பணம் எங்கே சென்றது என்பது அவையில் இருந்த அனைவருக்கும் தெரிந்தது. பொருளுக்கு உடையவர் ஏழை, கேட்டு நின்றவர்கள் அவர்மீது அன்பு கொண்டவர்கள். விலையைச் செயற்கையாக ஏற்றிவிட அதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஆயினும் விலை இரண்டு திர்ஹத்தோடு நின்றது.

வாங்கும் எண்ணமின்றி, பிறரைத் தூண்டுவதற்காக விலையைக் கூட்டிக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். அதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நம் ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வாறு நடந்த விற்பனை செல்லுபடியாகும். ஆனால் அறிந்தே அதைச் செய்தவர் பாவியாகிறார். மருத்துவமனைக்காக என்றால் ஆகும் என்று எந்த விதிவிலக்கையும் ஃபிக்ஹு நூல்களில் நான் கண்டதில்லை.

அமீர்களை ஏலமிட்ட ஆலிம்

இஸ்லாமிய வரலாற்றின் வியப்புக்குரிய ஏலம் ஒன்று கெய்ரோ நகரில் நடந்தது. அதை நடத்தியவர் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்). சிலுவைப் போராளிகளுக்குக் கோட்டைகளை விட்டுக்கொடுத்த டமாஸ்கஸ் ஆட்சியாளரைக் கண்டித்ததால் பதவி இழந்த அவர்கள், ஹிஜ்ரி 639 இல் எகிப்து வந்து சேர்ந்தார்கள். சுல்தான் அஸ்ஸாலிஹ் நஜ்முத்தீன் அய்யூப் அவர்களை நீதிபதியாக நியமித்தார்.

பொறுப்பேற்றவர் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். நாட்டை நடத்திவந்த துருக்கிய அமீர்கள் பலர் பொதுக்கருவூலப் பணத்தில் அடிமைகளாக வாங்கப்பட்டவர்கள். அவர்கள் முறைப்படி விடுதலை செய்யப்பட்டதற்குச் சான்றில்லை. ஆகவே அவர்களின் கொடுக்கல் வாங்கலும் திருமணமும் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அவர்களுள் சுல்தானின் பிரதிநிதியும் ஒருவர்! பொது ஏலத்தில் விற்று, விலையைக் கருவூலத்தில் சேர்த்து, பின்னர் முறையாக விடுதலை செய்வதே வழி என்றார்.

சுல்தான் மறுத்தார். ஷைகு தம் குடும்பத்தைக் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு நகரைவிட்டுப் புறப்பட்டார். மக்கள் திரளாகப் பின்தொடர்ந்தனர். ஆட்சியே கைநழுவும் என்று அஞ்சிய சுல்தான் தாமே விரைந்து சென்று அழைத்துவந்தார். பிரதிநிதியோ உருவிய வாளோடு ஷைகின் வீட்டு வாசலுக்கு வந்தார். ஷைகு வெளியே வந்து நின்ற மாத்திரத்தில் வாள் கைநழுவி விழுந்ததாகவும், அவர் அழுது பணிந்ததாகவும் தாஜுத்தீன் ஸுப்கீ தம் தபகாத் நூலில் பதிவு செய்துள்ளார்கள். எங்கள் விலையை என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டதற்கு, முஸ்லிம்களின் பொதுநலனுக்குச் செலவிடுவேன் என்று ஷைகு விடையளித்தார்கள்.

அமீர்கள் ஒவ்வொருவராக ஏலமிடப்பட்டனர். உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டு, அத்தொகை ஷைகின் கையால் நற்பணிகளில் செலவிடப்பட்டது. விலை உயர்ந்தது உண்மைதான். ஆனால் அது எல்லோரும் காணக் கேட்கப்பட்ட விலை. சட்டத்தின் ஒரு சிறு பிழையைத் திருத்தவே நாட்டைவிட்டுப் புறப்படத் துணிந்த அந்த மனிதர், நற்பணிக்குப் பணம் வேண்டும் என்பதற்காகச் சட்டத்தை வளைத்திருப்பாரா? ஹிஜ்ரி 660 இல் மறைந்த அவர்களை உலமாக்களின் சுல்தான் என்று வரலாறு நினைவுகூர்கிறது.

கூடாரத்திலிருந்து பீமாரிஸ்தான் வரை

நோயாளிகளுக்குப் பொதுப்பணத்தில் மருத்துவம் செய்வதும் மதீனாவில் வேர்கொண்டதே. ஹிஜ்ரி 5 இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுன் நபவியில் கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோருக்கு மறுமை நன்மையை மட்டும் நாடிப் பணிவிடை செய்த அஸ்லம் குலத்துப் பெண்மணி ருஃபைதா (ரலி) அவர்களின் பெயரை ஸீரா நூல்கள் கூறுகின்றன.

அக்கூடாரம் பின்னாளில் பீமாரிஸ்தான் என்னும் மருத்துவமனைகளாக வளர்ந்தது. 1154 இல் சுல்தான் நூருத்தீன் ஸங்கீ டமாஸ்கஸில் ஒன்றை எழுப்பினார். சிறைப்பட்ட சிலுவைப்போர்த் தலைவர் ஒருவர் செலுத்திய மீட்புத்தொகையில் அது கட்டப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அக்கட்டடம் இன்று அரபு மருத்துவத்தின் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1184 இல் அங்கு வந்த பயணி இப்னு ஜுபைர், நோயாளிகளின் பெயர்களும் அவர்களுக்கான மருந்து, உணவுச் செலவுகளும் பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்ததைக் கண்டு குறித்துள்ளார். நாளொன்றுக்குச் சுமார் பதினைந்து தீனார் அங்கு செலவானது. கட்டடத்தின் அழகோடு நிறுத்திக்கொள்ளாமல் கணக்குப் புத்தகத்தையும் ஒரு பயணி நினைவில் வைத்து எழுதினார் என்பது சிந்திக்கத்தக்கது.

அம்மருத்துவமனையின் மருந்தால் குணமடைந்தவர்களில் கலாவூன் என்ற மம்லூக் அமீரும் ஒருவர். இளமையில் ஆயிரம் தீனாருக்கு விற்கப்பட்டவர். ஆயிரத்தைக் குறிக்கும் 'அல்ஃபீ' என்ற பெயர் அவருக்கு வாழ்நாள் முழுதும் நிலைத்தது. தமக்கு ஆட்சி கிடைத்தால் இதுபோன்ற மருத்துவமனை ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். 1279 இல் சுல்தானானார். கெய்ரோவில் 1284-85 இல் மன்ஸூரீ பீமாரிஸ்தான் எழுந்தது.

காய்ச்சல், கண்நோய், காயம், வயிற்றுப்போக்கு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூடங்கள் அங்கிருந்தன. பெண்களுக்குத் தனிப்பகுதி இருந்தது. செல்வர், ஏழை, உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் மருத்துவம் கிடைத்தது. அதற்கென வக்ஃபு செய்யப்பட்ட சொத்துகளிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் திர்ஹம் வருவாய் வந்ததாக வரலாற்றாசிரியர் மக்ரீஸீ கூறுகிறார். பல நூற்றாண்டுகள் அது இயங்கியதற்கு அந்த வக்ஃபு வருவாயே முதுகெலும்பு.

ஆனால் அதே மக்ரீஸீ மற்றொன்றையும் மறைக்காமல் எழுதுகிறார். அந்த இடத்தில் முன்பிருந்த மாளிகையில் வசித்தவர்கள் வற்புறுத்தி வெளியேற்றப்பட்டனர். வேலையை விரைந்து முடிக்க மக்கள் கட்டாயமாக வேலை வாங்கப்பட்டனர். அதனால் மருத்துவமனையோடு சேர்த்துக் கட்டப்பட்ட மதரஸாவில் தொழுவதையே பேணுதலுள்ள பலர் தவிர்த்துக்கொண்டனர். எத்தனையோ உயிர்களைக் காத்த நற்பணி அது. ஆயினும் அதன் அடித்தளத்தில் இருந்த அநீதியை மனிதர்கள் மறக்கவில்லை. நோக்கத்தின் தூய்மை வழியின் பிழையைக் கழுவிவிடவில்லை.

அந்த இளைஞரின் கேள்விக்கு

இப்போது அவருடைய கேள்விக்கு வருகிறேன். சகோதரரே, நீங்கள் கொடுத்ததில் நோயாளியின் நலனை நாடிய நிய்யத்துக்கு உரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. அதை எவராலும் குறைக்க முடியாது. ஆனால் நீங்கள் ஏமாற்றப்பட்டதும் உண்மை. அந்தப் பிழை விலையை ஏற்றியவரையும், ஏற்றச் சொன்னவரையும், அறிந்த பின்னும் வாய் திறக்காத என்னையும் சாரும். அன்று அந்த அவையிலேயே சொல்லியிருக்க வேண்டும். நிகழ்ச்சி கெட்டுவிடுமே, வசூல் குறைந்துவிடுமே என்று தயங்கினேன். வாளோடு வந்தவர் முன் நின்ற இமாமைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நான், ஒரு புன்னகைக்கு முன் நிற்க முடியாமல் போனேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

இவ்வாண்டும் ஏலம் நடத்த ஜமாஅத்தார் முடிவு செய்து, துஆவுக்கு என்னை அழைத்துள்ளனர். துஆவுக்கு முன் சில செய்திகளை ஒலிபெருக்கியிலேயே சொல்ல இசைவு கேட்டேன், தந்துவிட்டார்கள்.

வாங்கும் எண்ணம் உள்ளவர் மட்டுமே விலை கேட்க வேண்டும். கேட்ட தொகையை எந்த நாளுக்குள் செலுத்த வேண்டும் என்பது முன்பே அறிவிக்கப்படும். ஏலத்தில் எடுத்த பொருள் எடுத்தவருடையது. அதைத் திரும்பத் தந்து மறுபடியும் ஏலமிடச் சொல்வது அவருடைய விருப்பம். அவையின் கட்டாயம் ஆகாது. ஏலத்தில் செலுத்தும் பணத்தை ஜக்காத்தாகக் கணக்கிடக் கூடாது; அதற்கு ஈடாகப் பொருள் கைக்கு வருகிறது, ஜக்காத்துக்கு உரியவர்களும் வேறு. பெயரைச் சொல்ல வேண்டாம் என்பவர்களின் பெயர் சொல்லப்படாது. வரவும் செலவும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன். ஓர் இரவின் ஏலம் ஒரு கட்டடத்தை எழுப்பலாம். அதை நடத்திக் காட்டாது. ஒரு கடையின் வாடகையோ, ஒரு தோப்பின் வருவாயோ மருத்துவமனைக்கென வக்ஃபு செய்ய வசதியுள்ளோர் முன்வர வேண்டும். ஏலத் தொகை கோடரியாகட்டும். வக்ஃபு அதன் பிடியாகட்டும்.

இவ்வாண்டு வசூல் குறையக்கூடும் என்று அந்த ஏற்பாட்டாளர் கவலையோடு சொன்னார். குறையலாம். மதீனாவில் கிடைத்தது இரண்டு திர்ஹம்தான். அதில் அல்லாஹ் வைத்த பரக்கத்தை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வல்ல ரஹ்மான் நம் கொடையைத் தூய்மையாக்கி ஏற்றுக்கொள்வானாக. நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.