மலையேறிய சைக்கிள்

கடந்த ஆண்டு ஹட்டன் நகரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஓர் இளைஞரைச் சந்தித்தேன். தோட்டத்தில் பிறந்தவர், நகரில் ஒரு கடையில் வேலை பார்ப்பவர். அவர் கையில் வளைந்த கைபிடியுடைய ஒரு ரேஸ் சைக்கிள் இருந்தது. 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றபோது சைக்கிளின் விலையும் மளமளவென்று ஏறியது. அந்த வேளையில் கையிருப்பை எல்லாம் கொட்டி வாங்கிய பழைய சைக்கிள் அது. ரேஸ் சைக்கிள் வரிசையில் ஆகக் கீழ்ப்படியில் உள்ள ரகம்.

"வாங்கியபோது இருந்ததில் இப்போது சட்டமும் கைபிடியும்தான் மிச்சம், ஐயா" என்றார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார். முதலில் எதை மாற்றினீர்கள் தம்பி என்று கேட்டேன். கியராக இருக்கும் என்பது என் எண்ணம். "பிரேக் கட்டைகளை" என்றார். "ஏற முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். நிறுத்த முடியாவிட்டால் என்ன செய்வது?"

அந்தப் பதில் என்னைப் பல ஆண்டுகள் பின்னால் கொண்டு சென்றது. இலங்கை மலைநாட்டில் சைக்கிளுக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. அதை யாரும் தனியாக எழுதியதாக நான் வாசித்ததில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்று நாம் அறிந்த வடிவிலான சைக்கிளை ஜோன் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் உருவாக்கியது 1885இல். அதே ஆண்டில்தான் நம் மலைநாட்டு ரயில் பாதை நானுஓயாவை எட்டியது. ஹட்டனுக்கு அது வந்தது அதற்கு முந்திய ஆண்டு. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். டயருக்கு ரப்பர் வேண்டும். பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுவந்த விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1876இலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டிருந்தன. உலகம் சைக்கிளிலும் பின்னர் மோட்டார் காரிலும் ஏறியபோது, இலங்கையின் தாழ்ந்த மலைச்சரிவுகள் ரப்பர்க் காடுகளாயின. உயர்ந்த சரிவுகளிலோ, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, கோப்பி அழிந்த இடங்களையெல்லாம் மூடிக்கொண்டது.

இரண்டுக்கும் உழைக்க வந்தவர்கள் தமிழகத்துக் கிராமங்களின் மக்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே மலையேறியவர்கள் அவர்களின் முன்னோர். உலகின் சக்கரங்களுக்கு ரப்பர்ப் பால் எடுத்தவர்களின் கால்களில் செருப்பும் இருக்கவில்லை. அவர்கள் சைக்கிள் ஏறுவதற்கு இன்னும் இரண்டு தலைமுறை ஆக வேண்டியிருந்தது.

தோட்டத்தில் துரைக்குக் குதிரை இருந்தது. பின்னர் மோட்டார் சைக்கிளும் காரும் வந்தன. சைக்கிள் என்பது கிளாக்கருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தப்பால்காரருக்கும் உரியது. என் தாய்மாமன் தோட்டத்துத் தப்பால்காரர். ஆபீசிலிருந்து தபாற்கந்தோருக்கும் மீண்டும் ஆபீசுக்கும் பையைச் சுமப்பது அவர் வேலை. அவருக்குத் தோட்டம் கொடுத்திருந்தது ஓர் ஆங்கிலேயச் சைக்கிள். கரும்பச்சை நிறம், இரும்புப் பாரம். முன்னே 44 பல், பின்னே 18 பல். ஒருமுறை பெடலைச் சுற்றினால் வண்டி ஐந்து மீற்றருக்கு மேல் போக வேண்டும். சமவெளிக்கு அது சரி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 1,270 மீற்றர் அளவில். மாமா போகும்போது சைக்கிளில் இறங்குவார். வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவார். அரைவாசித் தூரம் சைக்கிள் அவரைச் சுமந்தது. மறு அரைவாசி அவர் சைக்கிளைச் சுமந்தார்.

உலகம் இந்தச் சிக்கலை வெகுநாள் முன்பே தீர்த்துவிட்டிருந்தது. 1902இல் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் அச்சு வந்தது. பிரான்சின் மலைப்பாங்கான செந்தெத்தியன் நகரில் வெலோசியோ என்ற புனைபெயர் கொண்ட போல் த விவி, கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் எழுதினார். பிரான்ஸ் சுற்றுப் போட்டியை 1903இல் தொடக்கிய ஹென்றி தெகிராஞ்ச் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர், பத்திரிகை ஆசிரியர். கியர் வீரத்துக்கு இழுக்கு என்பது அவர் கட்சி. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஏறினார்கள். செயினை ஒரு பல்லிலிருந்து மறு பல்லுக்குத் தள்ளும் கியருக்கு அந்தப் போட்டியில் முழு அனுமதி கிடைத்தது 1937இல். ஜப்பானின் சகாய் நகரில் 1921இல் பின்பற்சக்கரம் செய்யத் தொடங்கிய ஷிமானோவின் கியர்கள் இன்று ஹட்டன் இளைஞரின் சைக்கிள் வரை வந்துவிட்டன.

மாமாவுக்குக் கியர் வேண்டியிருக்கவில்லை. பின்னே 18 பல்லுக்குப் பதிலாக 22 பல் போட்டால் போதும் என்று கண்டுபிடித்திருந்தார். தன் காசிலேயே போட்டுக்கொள்வதாகக் கேட்டார். தோட்டத்துச் சொத்தில் கைவைக்கக் கூடாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை தள்ளினார்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. அந்த ஆண்டுகளின் நடுவே தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. சைக்கிளைப் பற்றி யார் நினைத்தார்கள்! 1977க்குப் பின் சந்தை திறந்தது. ஜப்பானில் பாவித்துக் கழித்த சைக்கிள்களும் உதிரிப்பாகங்களும் வந்தன.

நான் பல்கலைக்கழகம் முடித்துப் பத்திரிகையில் சேர்ந்த 1990களின் நடுப்பகுதியில், அப்படி வந்த ஒரு மலிவான ரேஸ் சைக்கிளை வாங்கினேன். மாமாவின் நினைவில் நான் முதலில் மாற்றியது பின்பற்சக்கரத்தை. ஏற்றம் இலகுவாயிற்று, பெருமையும் ஏறிற்று. ரிம் இரண்டும் பளபளக்கும் இரும்பு. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். ஆடி மழையில் கினிகத்தேனைச் சரிவில் இறங்கியபோது பிரேக்கை அழுத்தினேன், பிடிக்கவில்லை. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும் என்பதை அன்றுதான் கற்றேன். வடிகானில் விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பிறகே அலுமினிய ரிம் வாங்கினேன். இளைஞர் முதலில் செய்ததை நான் விழுந்த பிறகு செய்தேன்.

அவர் பிரேக்குக்குப் பின் டயரை அகலமானதாக்கினார். பிறகு, பெரிய பல்லைத் தாங்கக்கூடிய பின்கியரும் நீளமான செயினும் வாங்கி, 34 பல் வரையிலான பற்சக்கரக் கொத்தைப் பூட்டினார். முன்னே சிறிய சக்கரமும் 34 பல். பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று; வண்டி நகர்வது இரண்டு மீற்றர் சொச்சம். அதனால்தான் தலவாக்கலை வழியாக நுவரெலியா வரை இறங்காமல் ஏறுகிறார்.

அவர் வீடு எங்கே என்று கேட்டேன். லயம் என்றார். இஸ்தோப்பில் சைக்கிளை வைக்க இடமில்லை, காம்பராவுக்குள்ளேதான் வைப்பாராம். பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க அவருடைய தகப்பனார் பல வருடங்களாகக் கேட்டும் அனுமதி கிடைக்கவில்லையாம்.

இங்கேதான் என் மாமாவின் 22 பல் எனக்கு விளங்கியது. ஒரு பொருளைச் சிறிது சிறிதாகச் சீராக்குவதற்குப் பணமும் பொறுமையும் மட்டும் போதாது. அந்தப் பொருள் நமதாக இருக்க வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கிடும் கணக்காக்கியது. எஞ்சிய நாடற்றவர்களுக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கைமாறிய ஒவ்வொரு முறையும் லயமும் சேர்ந்தே கைமாறியது. உள்ளே இருப்பவரின் கைக்கு மட்டும் வரவில்லை. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டமும், இந்திய உதவியுடன் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் நல்ல தொடக்கங்கள். ஆனால் பல குடும்பங்கள் இன்றும் லயத்தில்தான் இருக்கின்றன.

வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெரிய உதவி. அதைவிடப் பெரியது, காணி உறுதியைக் கையில் கொடுப்பது. உறுதி இருந்தால் மக்கள் இந்த ஆண்டு ஜன்னல், அடுத்த ஆண்டு கூரை என்று தாமே பார்த்துக்கொள்வார்கள். எதை முதலில் மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது.

பஸ் வந்தது. அடுத்து என்ன மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டபடி ஏறினேன். "சைக்கிளில் இனி ஒன்றுமில்லை, ஐயா" என்றார்.