ஈரல் போன வழி

நாய்க்கு வீட்டிலேயே பச்சைக்கறி கலந்து வைப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. நூறு பங்கில் எண்பது சதை, பத்து எலும்பு, ஐந்து ஈரல், மீதி ஐந்து சிறுநீரகம், மண்ணீரல் போன்ற வேறு உறுப்புகள். ஒரு நாள் தீனி நாயின் எடையில் இரண்டரை சதவீதம். 30 கிலோ லாப்ரடாருக்கு 750 கிராம் என்றால், அதில் ஈரல் 38 கிராம்கூட வராது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தத் துண்டின் கதைதான் இது.

நாய்க்கென்று தனியாகத் தீனி செய்து விற்கும் வழக்கமே 1860 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் சுட்டு விற்ற பிஸ்கட்டோடு தொடங்கியது. 1957-இல் பியூரினா நிறுவனம் காலை உணவுத் தானியம் செய்யும் இயந்திர முறையில் நாய்த் தீனியைப் பொரித்துக் கடைக்கு அனுப்பியது. அப்புறம் ஈரல் தட்டிலிருந்து மெல்ல மறைந்து மூட்டைக்குள் தூளாகிவிட்டது. அதைத் திரும்ப அழைத்துவந்தவர்களில் முக்கியமானவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். அவர் 1993-இல் எழுதிய புத்தகம், நாய்க்குப் பச்சை எலும்பும் கறியும் போடுங்கள் என்றது. உலகம் முழுக்க ஒரு கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது.

ஈரல் அந்தக் கணக்கில் இடம்பிடித்ததற்குக் காரணம் உண்டு. வெறும் சதையில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. ஈரலில் அது கொட்டிக் கிடக்கிறது. செம்பும் இரும்பும் கூடவே வரும். பாசத்தில் தினமும் அள்ளிப் போட்டாலோ அதே வைட்டமின் ஏ உடம்பில் தேங்கி எலும்பைக் கெடுக்கும். ஐந்து பங்கோடு நிறுத்தியதில் விவரம் இருக்கிறது.

சத்துக் கணக்கு சரி. ஆனால் ஈரல் எங்கிருந்து வருகிறது? செம்மறி புல் மேய்கிறது. அந்தப் புல்லில் நாயின் மலத்தோடு விழுந்த எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் முட்டை ஒட்டியிருந்தால், அது ஆட்டின் குடலில் பொரிந்து, ரத்தத்தோடு போய், பெரும்பாலும் ஈரலிலோ நுரையீரலிலோ தங்கும். அங்கே நீர் நிறைந்த ஒரு பை உருவாகி வருடக்கணக்கில் வளரும். அதனுள் ஆயிரக்கணக்கான புழுத் தலைகள் காத்திருக்கும். அந்த ஈரலை ஒரு நாய் பச்சையாகத் தின்றால், ஆறேழு வாரத்தில் அதன் குடலில் ஒரு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத புழுக்கள் முட்டையிட ஆரம்பிக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாது, வாலாட்டிக்கொண்டு நக்கும். முட்டை நம் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் வந்தால், ஆட்டின் இடத்தில் நாம். ஈரலில் அதே கட்டி.

இதில் ஒரு கோணல் உண்டு. இறைச்சிக்கூடத்தில் சோதனை நடந்தால் கட்டியுள்ள ஈரல் கழிக்கப்படும். சோதனை இல்லாத இடத்தில் கறிக்கடைக்காரரே பார்த்து, மனிதர் வாங்கமாட்டார் என்று ஓரமாக எறிவார். எறிந்தது யாருக்குப் போகும்? ‘நாய்க்கு’ என்று கேட்பவருக்கும், கடைவாசலில் படுத்திருக்கும் தெருநாய்க்கும். நோயுள்ள ஈரல் எந்த வாய்க்குப் போகக்கூடாதோ, அந்த வாய்க்கே நேராகப் போகிறது.

இந்த வழியை முதலில் அடைக்க முனைந்த நாடு ஐஸ்லாந்து. அங்கே பண்ணைக்குப் பண்ணை ஆடு, நாய். வெட்டிய ஆட்டின் கழிவு நாய்க்கு. 1863-இல் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபே என்ற ஆய்வாளர் அங்கே போய் நூறு நாய்களை அறுத்துப் பார்த்தார். 28-இல் இந்தப் புழு இருந்தது. அடுத்த வருடம் ஐஸ்லாந்து மொழியில் அவருடைய சிறு நூல் ஒன்று அச்சாகி இலவசமாக வீடுகளுக்குப் போனது. எழுத்தறிந்த மக்கள், நீண்ட குளிர்கால இரவு; படித்தார்கள். 1869-லும் 1890-லும் சட்டங்கள் வந்தன: ஆட்டின் கழிவைப் புதை அல்லது எரி, நாய்க்குப் பேதி கொடு. முதிர்ந்த ஆட்டுக்குப் பதில் குட்டிகளை வெட்டி விற்கும் பழக்கம் பரவியதும் உதவியது. குட்டியின் ஈரலில் கட்டி வளர நேரமில்லை. 1924-இல் ரெய்க்யவிக் நகரம் நாய் வளர்ப்பதையே தடை செய்தது. அந்தத் தடை தளர 1984 ஆனது.

நியூசிலாந்தின் கதை இன்னும் நீளம். டுனெடின் நகர அறுவை மருத்துவர் லூயி பார்னெட், நோயாளிகளின் வயிற்றிலிருந்து கட்டிகளை எடுத்து எடுத்து அலுத்து, நாய்க்குப் பச்சை ஈரல் போடாதீர்கள் என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார். 1959-இல்தான் கடுமையான சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் ஒதுக்கிய திடலில் நாய்களை வரிசையாகக் கட்டி, பேதி மருந்து கொடுத்து, வெளிவந்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த மருந்து அரிக்கோலின். நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் கொட்டைப்பாக்கின் காரச்சத்துதான் அது! தாம்பூலத்துப் பாக்கின் சரக்கு, தென்கோடித் தீவில் ஆட்டுநாய்களின் குடலைக் கழுவியிருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் பிராசிகுவாண்டல் மாத்திரை வந்து வேலையைச் சுலபமாக்கியது. நோய் அற்றுப்போனதாக 2002-இல் அரசு தற்காலிகமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் அங்கே ஆட்டு உள்ளுறுப்பை நாய்க்குப் பச்சையாகப் போடுவது குற்றமாகவே இருந்தது. அரைமணி நேரம் கொதிக்கவைத்தே போட வேண்டியிருந்தது.

பச்சைக்கறி இயக்கத்தின் வாதங்களில் எனக்கு ஒப்புதல் இல்லாதது ஒன்று: நாய் ஓநாய்தானே என்பது. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பெருகியிருப்பதை 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நம் வீட்டுச் சோற்றை ஒன்றும் அது பகையாகப் பார்ப்பதில்லை. ஆனால் மூட்டைத் தீனி மட்டுமே தீனி என்றும் நான் சொல்லமாட்டேன். வீட்டில் சமைத்துப் போடுவது நல்ல வழக்கம். கால்சியக் கணக்கை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘நாங்கள் போடுவது கோழி ஈரல்’ என்பார்கள். சரி, இந்தப் புழு கோழியில் வராது. சால்மோனெல்லா வரும். நெதர்லாந்தில் கடையில் வாங்கிய 35 பச்சைத் தீனிப் பொட்டலங்களைச் சோதித்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். ஏழில் சால்மோனெல்லா, 19-இல் லிஸ்டீரியா கிருமி. எல்லாமே உறைந்த பொட்டலங்கள். ஃபிரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை அங்கேயே கரைந்துவிட்டது. நாய் தாங்கிக்கொள்ளலாம், அதன் கிண்ணத்தைத் தொடும் ஒன்றரை வயதுக் குழந்தை தாங்காது.

ஈரலில் நீர்க்கட்டி நம் ஊருக்குப் புதிதல்ல. இந்தியாவில் இது அதிகம் காணப்படும் பகுதிகளாக மருத்துவப் பாடநூல்கள் ஆந்திரத்தையும் தமிழ்நாட்டையும் குறிப்பிடுகின்றன. ஆகவே கறிக்கடையில் ‘நாய்க்கு’ என்று சொல்லி ஈரல் வாங்காதீர்கள். வீட்டுக்கு வாங்குவதுபோல் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். வெள்ளைப் பையோ நீர்க்கோர்ப்போ தெரிந்தால் வேண்டாம் என்று வையுங்கள், கடைவாசல் நாய்க்கும் போடவிடாதீர்கள். வாங்கியதை அரைமணி நேரம் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போடுங்கள். புழு மாத்திரை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்று கால்நடை மருத்துவரிடம் கேட்கும்போது, அதில் பிராசிகுவாண்டல் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.