ஷேக்ஸ்பியர் பெயரில் ஏறிய மேல் கமா

ஆங்கிலத்தில் ஆறாம் வேற்றுமை நடத்தும்போது நான் விதியில் தொடங்குவதில்லை. லண்டனில் அச்சான இரண்டு பழைய புத்தகங்களின் தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன்.

முதலாவது, 1605-இல் வந்த பென் ஜான்சனின் நாடகம்: ‘செஜானஸ் ஹிஸ் ஃபால்’. செஜானஸ் என்ற பெயருக்கு எந்த விகுதியும் இல்லை. பக்கத்தில் ‘ஹிஸ்’ என்று தனிச்சொல். அச்சிட்டவர் ஜார்ஜ் எல்ட், வெளியிட்டவர் தாமஸ் தோர்ப். 1609-இல் அதே எல்ட் அச்சிட்டு அதே தோர்ப் வெளியிட்டதுதான் ஷேக்ஸ்பியரின் சானெட் தொகுப்பு. அதில் ‘ஷேக்’குக்கும் ‘ஸ்பியரு’க்கும் நடுவே ஒரு சிறு கோடு, கடைசியில் வெறும் எஸ். ‘ஹிஸ்’ கிடையாது, பிள்ளைகள் மேல் கமா என்கிறார்களே, அந்த அப்பாஸ்ட்ரஃபியும் கிடையாது.

அந்த எஸ், ‘ஹிஸ்’ஸிலிருந்து வந்ததே அல்ல. பழைய ஆங்கிலத்தில் ஆண்பால் பெயர்கள் பலவற்றுக்கு ‘இ-எஸ்’ என்பதே விகுதி. பெண்பால் பெயர்கள் பலவற்றுக்கு வேறு விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை மறைந்து இது ஒன்றே எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது; பேச்சில் ‘இ’ பெரும்பாலும் தேய்ந்துபோனது. எழுத்து விடுபட்டதைக் காட்டப் பிரெஞ்சு அச்சாளர்கள் வைத்திருந்த குறி 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்தது. ஆனால் விடுபட்டது ‘ஹிஸ்’தான் என்று படித்தவர்களே நம்பினார்கள். 1711-இல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் அடிசன், அந்த எஸ் முன்னோர் சொன்ன ‘ஹிஸ்’, ‘ஹெர்’ இரண்டுக்கும் பதிலாக நிற்கிறது என்று எழுதினார். சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதியோடு சேர்த்த இலக்கணத்தில், பெண்ணின் அழகு என்னும்போதும் அதே எஸ் வருகிறதே, அங்கே ‘ஹிஸ்’ எப்படிப் பொருந்தும் என்று மடக்கினார். இலக்கணத்தில் இவ்வளவு சுருக்கமான, அழகான மறுப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. வகுப்பில் எந்தப் பெண்ணாவது இதே கேள்வியைத் தானாகக் கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அதற்குள் அச்சகங்கள் தம் போக்கில் முடிவெடுத்துவிட்டன. 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் தலைப்பில் அவர் பெயருக்கு மேல் கமா இல்லை. 1685-இன் நான்காம் பதிப்பில் இருக்கிறது. பன்மைக்கு எஸ்ஸுக்குப் பின்னால் குறி போடும் வழக்கம் நிலைபெற இன்னும் நூறு ஆண்டு போல ஆனது.

‘இட்ஸ்’ஸின் கதை தனி. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் அந்தச் சொல்லே இல்லை; அஃறிணைக்கும் பெரும்பாலும் ‘ஹிஸ்’தான். பிறகு ‘இட்ஸ்’ பரவியபோது நடுவில் மேல் கமா போட்டே பலரும் எழுதினார்கள். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சனும் அப்படித்தான் எழுதினார். அதே மேல் கமாவை இன்று என் மாணவர்கள் போட்டால் நான் சிவப்பு மையால் சுழிக்கிறேன். சுழித்துவிட்டு, ஓரத்தில் ஜெஃபர்சன் பெயரையும் எழுதிவைக்கிறேன்.