ரிச்சி ஸ்ட்ரீட்டில் மிச்சம் பிடித்த கதை

அக்கா பையன் போன வாரம் ஒரு லிஸ்ட் அனுப்பினான். கேம் ஆட கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றானாம். "பட்ஜெட் தாண்டுது மாமா, எதைக் குறைக்கலாம்?" எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. கடைசி வரியில மட்டும் 'எஸ்எம்பிஎஸ் - ஏதாவது'. அந்த 'ஏதாவது'வைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு. கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்கோங்க மக்களே :-)

வேப்பம்பட்டுல எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, சென்ட்ரல் மூர் மார்க்கெட் பக்கம் இறங்கி, பஸ் காசை மிச்சம் பிடிச்சு சிந்தாதிரிப்பேட்டை வழியா நடந்தா ரிச்சி ஸ்ட்ரீட். ஒரு காலத்துல ரேடியோ பார்ட்ஸ் வித்த சந்துகள், 90கள்ல கம்ப்யூட்டர் பார்ட்ஸுக்கு மாறிச்சு. இந்தியா 1997ல உலக வர்த்தக அமைப்போட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்துல சேர்ந்துச்சு. இறக்குமதி வரி படிப்படியா குறைஞ்சு 2005ல பூஜ்யமாச்சு. நம்மள மாதிரி ஆளுங்க வீட்டுக்குள்ள கம்ப்யூட்டர் நுழைஞ்ச வழிகள்ல அதுவும் ஒண்ணு.

குறைஞ்ச காசுல கேம் ஆடுறதுக்கு ஒரு குலதெய்வம் உண்டுன்னா, அது 1998ல வந்த இன்டெல் செலெரான் 300ஏ. அதோட பெருக்கல் எண் 4.5ன்னு பூட்டியிருக்கும். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுல 300 ஓடும். மதர்போர்டுல பஸ்ஸை 100க்கு மாத்தினா 450! நிறைய சிப்புங்க இதைத் தாங்குச்சு. காசு மிச்சம், வேகமும் லாபம்.

ஆனா எல்லா மிச்சமும் இப்படி இல்லை. 2002ல வந்த ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் கார்டுல பேர் மட்டும்தான் நாலு. உள்ள இருந்தது கிட்டத்தட்ட ரெண்டாவது தலைமுறை சரக்கு; பிக்ஸல் ஷேடர் கிடையாது. 2003ல 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' வந்தப்போ அந்தக் கார்டுல ஓடவே இல்லை. அதுக்கும் முந்தின ஜிஃபோர்ஸ் 3ல ஓடுச்சு!

இந்த மாதிரி விஷயமெல்லாம் கரைச்சுக் குடிச்சுட்டுத்தான் 2004ல நானும் கிளம்பினேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டினார். சொசைட்டில கடன் போட்டுக் காசு குடுத்தார். பென்டியம் 4, நல்ல கிராஃபிக்ஸ் கார்டுன்னு வாங்கிட்டு, கேபினெட்டோட இலவசமா வந்த எஸ்எம்பிஎஸ்ஸே போதும்னு விட்டுட்டேன். ஸ்டிக்கர்ல 400 வாட். அப்புறம் என்ன?

என்னன்னா, முன்னாடி பெரும்பாலான போர்டுகள் பிராசஸருக்கான மின்சாரத்தை 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்ல இருந்து எடுத்துச்சு. 2000ல பென்டியம் 4 வந்தப்போ அந்தச் சுமை 12 வோல்ட்டுக்கு மாறிச்சு. கிராஃபிக்ஸ் கார்டுகளும் அதுலயே கை வெச்சுது. மலிவு எஸ்எம்பிஎஸ்ல 12 வோல்ட் லைன் நோஞ்சான். ஸ்டிக்கர்ல மொத்தக் கணக்கை மட்டும் பெருசாப் போட்டிருப்பாங்க.

ஒரு ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. 'டப்'. கருகின வாசனை. எஸ்எம்பிஎஸ் போனதோட மதர்போர்டையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. கடன்ல அஞ்சு தவணை பாக்கி.

அப்பா திட்டலை. அந்த டப்பாவைக் கழட்டிக் கையில தூக்கிப் பார்த்தார். "ஏண்டா, 400 வாட்டுன்னு எழுதியிருக்கு, காலி டப்பா மாதிரி லேசா இருக்கே?" அவ்வளவுதான். மூணு மாசம் ஓவர்டைம் பார்த்து மதர்போர்டு வாங்கிக் குடுத்தார். எத்தனையோ கட்டுரை படிச்ச எனக்குத் தோணலை. இரும்பையும் செம்பையும் கையாண்டவருக்குத் தூக்கினதுமே தெரிஞ்சுடுச்சு.

2004ல இருந்து 80 பிளஸ் முத்திரை இருக்கு. ஆனா அது மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னு மட்டும்தான் சொல்லும். அதனால பையன்கிட்ட 12 வோல்ட் லைன்ல எத்தனை ஆம்பியர்னு படிச்சுப் பார்க்கச் சொன்னேன். கலர் லைட்டு வேணாம், கேபினெட்டைக் குறை, தேவைப்பட்டா கார்டையும் ஒரு படி இறக்குன்னேன்.

"எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் காசு போட்டா கேம் வேகமா ஓடாதே மாமா?"

"ஓடாது. ஆனா தாத்தா ஓவர்டைம் பார்க்க வேண்டியதில்லை."

ரிடையர் ஆகி ஈசிசேர்ல பேப்பர் படிச்சிட்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலே சொன்னார்: "தூக்கிப் பார்த்து வாங்கச் சொல்லு."

உங்க வீட்ல முதல்ல எது புகைஞ்சுது மக்களே?